இழுத்தால் ஒன்று, அமுக்கினால் ஒன்று

தொபியாஸ் அதை அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தான்.
உள்ளே உருக்கு நாக்குகள், ஈரம் பட்டால்
துரு தின்றுவிடுமாம்.
போட்டில் பதினொரு பேர், பொங்குகிற ஆள் நான்.
அரிசி அள்ளும்போதெல்லாம்
அதன் தோல் மடிப்பில் ஒட்டிய நாலு மணியைத்
தட்டி உலையில் போடுவேன்.

ஆறு பக்கம், இருபது பொத்தான்,
நடுவில் கொல்லன் துருத்திக்குப் பிறந்த
கைக்குழந்தை போல ஒன்று.
தூத்தூரில் பெட்டி என்றால்
கோயில் ஆர்மோனியம்தான்.
இது அதற்கு ஒன்றுவிட்ட தம்பி.
இழுத்தால் ஒரு சுரம், அதே பொத்தானில்
அமுக்கினால் வேறு சுரம்.
"கயிறு விடும்போது ஒரு பேச்சு,
வலிக்கும்போது ஒரு பேச்சு,
நம்மள மாதிரிதான்லே" என்றான் எஸ்தாக்கி.

தொபியாஸ் கப்பலில் ஆயிலராக இருந்தவன்.
கம்பெனி பொளிஞ்சு, ஷார்ஜாவுக்கு வெளியே
நங்கூரத்தில் பதினாலு மாதம்.
சம்பளம் இல்லை, கரைச்சீட்டு இல்லை.
போலந்துக்கார போசன் ஒருவன்
ஒரு சார்ஜருக்கும் மூன்று கட்டு பீடிக்கும்
பெட்டியைக் கொடுத்தான்,
கூடவே கதையையும்:

பாய்க்கப்பலில் முதலில் பிடில்தான்.
ஈரம் குடித்துப் பசை விட்டுப்போகும்.
பிறகு வந்தது இது,
ஜெர்மனியில் செய்தது, மலிவு.
தலைமாட்டில் வைத்துத் தூங்கலாம்,
காற்றில்லாத நாளில்
இதற்குள் மட்டும் காற்று இருக்கும்.
ஒரு பயணம் தாங்கும்,
அடுத்த பயணத்தில் நாக்கு நாக்காகச் சாகும்.
பழைய போட்டோவில் மாலுமிகள் எல்லார் மடியிலும்
பெட்டி இருக்கிறதே என்றால்,
அது ஸ்டுடியோக்காரன் பெட்டி.
பாதிப்பேருக்கு வாசிக்கத் தெரியாது.

தொபியாசுக்கும் தெரியாது.
மாதாவுக்குரிய ஒரு பாட்டில் முதல் இரண்டு அடி,
அதற்குப் பிறகு தேடுவான்.

மினிக்காய்க்கு மேற்கே,
கணியம் பார்க்க மலையும் இல்லாத ஆழத்தில்
பேட்டரி செத்தது.
விளக்கு இல்லை, வயர்லெஸ் இல்லை.
தூண்டில் கயிறு ஆறு மைல் நீளம் கடலில்.

இரண்டு மணிக்கு
பச்சையும் சிவப்பும் சேர்ந்து தெரிந்தன.
ஒன்று மட்டும் தெரிந்தால் விலகிப் போகிறான்,
இரண்டும் தெரிந்தால்
நேரே வருகிறான்.

"கயிறை அறுக்கவா?" கிளீட்டஸ் கேட்டான்.
எஸ்தாக்கி எஞ்சினைத் திருகினான், அது இருமியது.
நான் என் கைலியை டீசலில் நனைத்துக்
கம்பில் சுற்றிக் கொளுத்தினேன்.
தொபியாஸ் அரிசிக்குள் கை விட்டான்.

இருபது பொத்தானையும் ஒன்றாய் அமுக்கி
இழுத்தான், அமுக்கினான், இழுத்தான்.
அது பாட்டு இல்லை.
கன்று ஈனுகிற மாடு அப்படிக் கத்தும்.
"அவனுக்குக் கேக்காதுடே!" என்று
யாரோ சொன்னார்கள்.
"தெரியும்," என்றான் தொபியாஸ்,
"எஞ்சின் ரூமில் காதை மூடித்தான் நிற்போம்,
நானும் மூடியிருக்கேன்."
சொல்லிக்கொண்டே இழுத்தான்.

பச்சை மறைந்தது.
சிவப்பு மட்டும்.

பிறகு ஒரு மதில் கடந்தது.
வெகுநேரம் கடந்தது.
அதில் ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம்,
உள்ளே ஒருவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.
அதன் அலை வந்து எங்களைத் தூக்கிப் போட்டதில்
டிரம் கவிழ்ந்தது.

ரேடாரா, என் கைலியா,
அவன் பாதையே அங்கே திரும்புகிறதா,
தெரியாது.
அது பெட்டிதான் என்று யாரும் சொல்லவில்லை.
தொபியாசும் சொல்லவில்லை.

விடிந்து பார்த்தால்
துருத்தியில் ஒரு மூலை கிழிந்திருந்தது.
பிளாஸ்திரி ஒட்டினோம், காய வைத்தோம்.
இப்போது அமுக்கினால் பேசுகிறது,
இழுத்தால் மூச்சு மட்டும்.
அந்தப் பாட்டின் ஒரு சுரம் விட்டு ஒரு சுரத்தை
அவன் வாசிக்க,
இடையில் விழுகிற பள்ளங்களில்
பத்துப் பேரும் வாயால் போட்டோம்.

தளத்தில் சிந்திய அரிசியை வாரி
அதையே பொங்கினேன்.
கஞ்சிக்கு
உப்பு போடவில்லை.