எட்டாவது கட்டம்

அன்றைக்கு ஏழு பேர் இருக்க வேண்டும்.
திரையில் எட்டுக் கட்டம்.
எட்டாவதில் முகமில்லை, குரலில்லை,
'கேலக்ஸி' என்று ஒரு போனின் பேர் மட்டும்
கறுப்பில் வெள்ளையாக நின்றது.

சாயப்பட்டறை நாச்சிமுத்து அண்ணன் என்று
நான் நினைத்தேன்.
பையரின் ஆள் என்று நாச்சிமுத்து அண்ணன் நினைத்தாராம்.
ஹாம்பர்க்கில் உர்சுலா அம்மா
எங்கள் ஆபீஸ் பையன் என்று.
ஏனுங்க, நீங்க யாருங்க என்று கேட்க
ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை.

நான் ஸ்கிரீனைப் பகிர்ந்தேன்.
நூல் விலை, நிட்டிங் கூலி,
காம்பாக்டிங், தையல், பட்டன், பாலிபேக்,
கடைசி வரியில், மஞ்சள் அடித்து,
பீஸுக்கு எங்களுக்கு நிற்கும் நாலு ரூபாய் முப்பது காசு.
திருப்பூரில்
முதலாளியின் மச்சானுக்கே தெரியாத எண்.
முப்பத்தெட்டு நிமிஷம் அது அங்கே கிடந்தது,
தெருப்பக்கக் கொடியில் காயும் உள்பாவாடை மாதிரி.
முடிந்ததும் நன்றி சொல்லாமல்
முதலில் போனது எட்டாவது கட்டம்.

வெள்ளிக்கிழமை ஆர்டர் கைவிட்டுப் போனது.
பீஸுக்கு நாலு சென்ட் குறைவாக
யாரோ கொடுத்தார்களாம்.
அந்த ஆள்தான் என்று
சத்தியம் செய்ய என்னிடம் ஒன்றுமில்லை.
இல்லை என்று சொல்லவும்.

ஆனால் இது தெரியும்:
லிங்க்கைப் போட்டது நான்,
மத்தியானம், சோறு தின்றுகொண்டே, இடது கையால்,
'சாம்பிள் டீம்' குரூப் என்று நினைத்து
'நிட்வேர் நண்பர்கள்' குரூப்பில்.
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
அழித்துவிட்டேன். அதற்குள் பார்த்தவர் எத்தனை பேரோ.
முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.
உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் பக்கம்
வாசலில் நிழலாடினால் 'வாங்க' என்றுதான் வாய் முந்தும்.
ஒறம்பரை முதலில் தண்ணி குடிக்கும்,
அப்புறம்தான் எந்த ஊர், யார் வீடு என்ற பேச்சு.
அந்த வாய்க்கு இப்போது பூட்டு வாங்கியிருக்கிறேன்:
கூட்டத்துக்குக் கூட்டம் புதுக் கடவுச்சொல்,
முன்னால் ஒரு காத்திருப்பு அறை.
'உள்ளே விடவா?' என்று மிஷின் கேட்கிறது.
எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன் ஒவ்வொரு பேரையும்.
பேரில்லாத போன் வெளியே நிற்கட்டும்.
போன வாரம் ஒரு 'ரெட்மி' வந்து நின்றது.
பதினோரு நிமிஷம்.
எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.
பிறகு என் போன் அடித்தது:
"அம்முணி, நாந்தான். உள்ள உடு."
முதலாளி.
"பேரை மாத்தீட்டு வாங்க சார்" என்றேன்,
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
மாற்றிக்கொண்டு வந்தார்.

பதிவு செய்துகொள்ளலாமா என்று யாராவது கேட்டால்
எதற்கு, யாரிடம் இருக்கும் என்று கேட்கிறேன்.
மயிலாவதி மாறிவிட்டாள் என்கிறார்கள்.

வீட்டிலிருந்து பேசுகிற நாளில்
முதுகுக்குப் பின்னால் இருப்பதைத் திரும்பிப் பார்க்கிறேன்.
வேறொரு பையரின் பூனைப் படச் சட்டை,
இன்னும் கடைக்கே வராதது, ஹேங்கரில்.
பக்கத்தில் பேங்க் காலண்டர்,
தவணைத் தேதியில் சிவப்பு வட்டம்.
மங்கலாக்கினால் எல்லாம் மார்கழிப் பனியாகிறது,
என் காதோரமும் கொஞ்சம் கரைகிறது.
குரல் மங்காது.
அடுக்களையில் வீட்டுக்காரர்
சீட்டுப் பணத்துக்கு யாரிடமோ நாள் கேட்கிறார்;
உர்சுலா அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்பதற்காக
மைக்கைத் திறந்து வைக்க முடியுமா?

பேச்சு முடிந்து 'வெளியேறு' அழுத்தி,
கேஸ் மூடியதை மறுபடி பார்ப்பது போல
பச்சை வெளிச்சம் போய்விட்டதா என்று பார்க்கிறேன்.
முன்பெல்லாம் படுக்கப் போகும்போது
பொட்டைக் கண்ணாடியில் ஒட்டுவேன்.
இப்போது நெற்றியிலிருந்து எடுத்து
லேப்டாப்பின் ஒற்றைக் கண்ணில்.
அளவு சரியாக இருக்கிறது.