ரவைக்கு ஆகுமா

லில்லிக்கு மொட்டில்தான் விலை.
விரிந்துவிட்டால் வியாபாரத்துக்கு ஆகாது.
விரிந்ததில் இரண்டு தண்டு
இன்று என் பங்கு.

பேரிகை சாலையில், பாலித்தீன் கூடாரத்துக்குள்
காலை ஏழுக்கு நுழைந்தால் எனக்கு இதுதான் வேலை:
தண்டை அளந்து, வளைந்ததை ஒதுக்கி,
பத்துப் பத்தாய்க் காகிதத்தில் சுற்றுவது.
கிழங்கு ஹாலந்திலிருந்து பெட்டியில் வருகிறது.
பூ பெங்களூர்க் கல்யாணங்களுக்குப் போகிறது.
நடுவில் கொஞ்ச நாள்
ஓசூர்க் குளிரைத் தன் ஊர்க் குளிர் என்று நம்புகிறது.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பூத்தூள் சேலையில் துருவாய் இறங்கியது,
சோப்புக்கும் போகாது.
"என்னக்கா, செண்ட் பாட்டில் உடைஞ்சுதா?"
என்றார் கண்டக்டர்.

வீட்டில் பூச்சாடி கிடையாது.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி
டி.வி.க்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.
ரவை வந்தாள்.
வறுத்த ரவையின் நிறம், அதனால் அந்தப் பெயர்.
முகர்ந்தாள். தும்மினாள்.
உதிர்ந்து கிடந்த ஓர் இதழை
என் கண்ணைப் பார்த்துக்கொண்டே
மென்று விழுங்கினாள்.

பேக்கிங் ஷெட்டில் ஒரு பேச்சு உண்டு:
மேனேஜரம்மா வீட்டுப் பூனை
முதுகில் ஒட்டிய பூத்தூளை நக்கியே போய்ச் சேர்ந்தது என்று.
பூனைக்கு அப்படியென்றால் நாய்க்கு?
அதை யாரும் சொல்லிவைக்கவில்லை.

இரவு பத்தரைக்கு
கால்நடை டாக்டர் நஸ்ரினைப் போனில் எழுப்பினேன்.
"எவ்வளவு தின்னுச்சு?"
"ஒரு இதழ்."
"வாந்தி எடுக்கும். ஒருநாள் சோறு வேண்டாங்கும்.
பூனைக்குத்தாம்மா அது எமன், கிட்னியைப் பிடிச்சிடும்.
நாய்க்கு வயித்தோட போயிடும்.
இருந்தாலும் பாட்டிலை உயரத்துல வைங்க.
வாந்தி நிக்கலைன்னா தூக்கிட்டு வந்திடுங்க."
வைக்கப்போனவர் நிறுத்தினார்.
"உங்க வேலியில என்ன கொடி இருக்கு?
லில்லின்னு எங்கிட்ட வந்து செத்த நாயெல்லாம்
கடைப்பூ தின்னதில்லம்மா, வேலிப்பூ."

வேலியில்
யாரும் ஏற்றவில்லை, அதுவாக ஏறியது.
கார்த்திகையில் தீப்பிடித்தாற்போல் நிற்கும்,
அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு,
இதழெல்லாம் அண்ணாந்து.
திம்மராயன் அதன் முன்னால் நிறுத்தித்தான்
என்னை முதல் போட்டோ எடுத்தான்.
மகளின் பள்ளிக்கூடச் சுவரில்
மாநில மலர் என்று எழுதி அதன் படம்.
காந்தள் என்கிறது பாடப்புத்தகம்.
கண்வலிப்பூ என்கிறோம் நாங்கள்.
பெயரிலேயே வலி இருந்தும்
ஒருநாள் அதைக் கேட்டதில்லை,
நீ யாருக்கு ஆவாய், யாருக்கு ஆகமாட்டாய் என்று.
சம்பளத்துக்குத் தொட்ட பூவைத்தான்
ராத்திரி முழுக்கச் சந்தேகப்பட்டேன்.

விடிவதற்குள் இரண்டு முறை.
இரண்டாவதில் இதழ் முழுசாகவே வந்தது,
வெளுத்து, நரம்பு மட்டும் தெரிய.
மூன்றாவது இல்லை.
பால்காரரைப் பார்த்துக் குரைத்தாள்.
அவர் திட்டினார்.
அந்தத் திட்டு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடப்பாரை எடுத்தேன்.
கையில் கம்பெனி உறை.
தோண்டத் தோண்ட
கலப்பைக் கொழுபோல் வளைந்து
இரண்டு கொம்பாக வந்தது கிழங்கு,
மண்ணைத் துடைத்தால்
கறிக்கு நறுக்கலாம் போல, அவ்வளவு சாது.

கயிற்றை எப்படி உருவினாளோ,
ரவை ஓடிவந்து என் பக்கத்தில்
முன்னங்கால் இரண்டாலும்
மண்ணை வாரி வாரிப் பின்னால் இறைத்தாள்.
எனக்கு உதவுகிறாளாம்.

குப்பையில் போட்டால் தெருநாய்.
ஏரிக்கரையில் எறிந்தால் ஆடு.
புதைத்தால் அடுத்த மழைக்கு முளை.
"நெருப்புதான்" என்று
தீப்பெட்டி தேடப் போன திம்மராயனை
இன்னும் காணோம்.

கிழங்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து
நடுவாசலில் நிற்கிறேன்.
ரவை எகிறி எகிறிக் குதிக்கிறாள்,
நான் எப்போது எறிவேன் என்று.