வரிசை ஏழு, பத்தி பதினொன்று

ஜூலை. வெருலத்தில் கரும்புக்குத் தீ வைக்கும் மாதம்.
காற்று தெற்கே திரும்பிய இரவில்
கறுப்புச் சருகுகள் கார் கண்ணாடியில் வந்து உட்கார்ந்தன.
வைப்பரைப் போட்டேன்; மை இழுத்தது போல் ஒரு பட்டை.
மவுண்ட் எட்ஜ்கோம் வரை
அந்தப் பட்டையின் ஓரமாகவே பார்த்து ஓட்டினேன்.

முதலில் தலைவலை, பிறகு முகமூடி, அங்கி,
இரண்டு அடுக்குக் கையுறை.
பவுடர் கூடாது. கண்மை கூடாது.
நெற்றியில் எதுவும் கூடாது என்பதை
என்னைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்னவோ,
வெள்ளிக்கிழமைகளில் குழாயடியில் கழுவிவிட்டு நுழைவேன்.
கடைசியில் மிஞ்சுவது கண் மட்டும்,
நெஞ்சருகே ஒரு பெயரட்டை:
வி. கவெண்டர்.

இந்தப் பெயரையும் யாரோ மாஸ்க் வைத்து அச்செடுத்தார்கள்.
கப்பல் துறையில் ஒருவன் கோவிந்தன் என்றான்,
மேசைக்குப் பின்னால் இருந்தவன் காதில் விழுந்ததை எழுதினான்.
எங்கள் வேலையில் விலகலுக்கு இரண்டு மைக்ரான் அனுமதி.
தாண்டினால் கழுவிவிட்டு மறுபடி பூசலாம்.
பெயர் அதற்குள் வெந்து இறுகிவிட்டது.

உள்ளே மஞ்சள் வெளிச்சம்.
நீல ஒளி பட்டால் ரெசிஸ்ட் கெட்டுவிடும்,
அதனால் நள்ளிரவும் இங்கே சாயங்காலம்.
வேஃபர் சுழல்கிறது, நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று;
நடுவில் விட்ட சொட்டு விளிம்பு வரை மெல்லிசாகி நிற்கிறது.
நாளைக்கு இதைக் காரத்தில் முக்குவார்கள்.
காரம் சிலிக்கனைத் தின்னும், இஷ்டத்துக்கு அல்ல:
ஐம்பத்து நான்கு புள்ளி ஏழு பாகையில்
படிகம் போதும் என்று சொல்லிவிடும்.
நாலு பக்கமும் சரிந்த சுவர், அடியில் தட்டைத் தரை,
தண்ணீர் வற்றிய தெப்பக்குளம்,
ஒரு மில்லிமீட்டர் அகலத்தில்.
அந்தத் தரைதான் சவ்வு.
அழுத்தினால் குழியும், குழிந்ததை மின்சாரமாய்ச் சொல்லும்.
யாரோ ஒருவருடைய மூச்சுக்குழாயருகே உட்காரப்போகிறது.

துகள் எண்ணும் பெட்டி ஒன்பதிலிருந்து
நூற்று நாற்பதுக்கு எகிறியது.
வடிகட்டியில் கோளாறு இல்லை என்றாள் நொம்புசோ,
கூரைக்கடியில் கையை நீட்டிக் காற்றைத் தடவிப் பார்த்துவிட்டு.
வேஃபரைச் சாய்த்தோம்.
ஏழாம் வரிசை, பதினோராம் பத்தியில் ஒரு வால்நட்சத்திரம்:
தலையில் புள்ளி, விளிம்பை நோக்கி இழுபட்ட வால்.

நுண்ணோக்கியில் முதலில் நான்.
கரி. கரிக்குள் கண்ணாடி.
இரண்டு முனையும் குண்டாய், இடுப்பு ஒடுங்கி,
உடுக்கை.
பன்னிரண்டு மைக்ரான் உடுக்கை.

கரும்பு மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித்
தோகைக்குள் ஒளித்து வைக்கும்,
தின்ன வருவதன் பல்லைத் தேய்க்க.
வெட்ட வந்தவர்கள் முழங்கை வரை சாக்கு சுற்றிக்கொண்டார்கள்,
அப்படியும் கீறியது.
வேஃபரின் மேல் உலை வைத்து நான் வளர்க்கும் ஆக்சைடும் அதுவேதான்.
அவனுக்குக் கையில். எனக்குச் சம்பளத்தில்.

நொம்புசோ தன் முறைக்குக் குனிந்தாள்.
"உம்லோத்தா," என்றாள். சாம்பல்.
அவள் சித்தப்பா இந்த வாரம் டோங்காட்டில்
தீ வைக்கும் கூட்டத்தில் இருக்கிறார்.
"உனக்குத்தான் அனுப்பியிருக்கிறார்."
சிரித்ததற்கு முகமூடி மட்டும் அசைந்தது.
பிறகு என் கண்ணையே பார்த்தாள்.
வலது இமையில்
இன்னொன்று தொங்கிக்கொண்டிருந்தது.

பதிவேட்டில் ஒரு கட்டம்: மூலம்.
வடிகட்டி, கருவி, அங்கி, ஆள்.
ஆள் என்று தட்டினேன்.
குறிப்பு எழுத முப்பது எழுத்து இடம் உண்டு,
காலியாக விட்டேன்.

அசிட்டோன் புட்டியைச் சாய்த்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன், விதிப்படி அல்ல.
ஊற்றினேன். வால் முதலில் போனது.
உடுக்கை முரண்டு பிடித்து,
இரண்டாம் ஊற்றலில் போனது.
சுழற்றினேன். மறுபடி ஒரு சொட்டு.

பெட்டி எண்பத்திரண்டு என்றது, நாற்பது என்றது,
காலை ஆறு மணிக்கு ஒன்பது.
வெளியே வந்தால்
கார், வேலி, காவலாளியின் தொப்பி, எல்லாம் கறுப்பு.
இங்கே எண்ணும் பெட்டி கிடையாது.