பதினொராம் நாள்

வீடியோவில் அவ பதினொராம் நாள் படியேறுகிறா.
நாலு படி. ஒரு கை படத்துக்கு வெளியே.
மேலே சன்னல், வெளியே பனி, பின்னணியில் வீணை.
கீழே எழுத்தில்:
திருமதி ம., வயது அறுபத்துமூன்று, ஏஜாக்ஸ்.
பார்த்தவர்கள் நாலு லட்சம்.
நாலு லட்சத்து ஒன்று நான்,
இரவு வேலை முடிந்து மக்கோவன் ரோட்டு பஸ்ஸில்
பக்கத்துச் சீட்டில் காலை நீட்டி வைத்தபடி.

மூன்று போத்தல். நூற்றி எண்பத்தொன்பது டொலர்.
அனுப்பினது மச்சாள். அவவுக்கு யாரோ.
அந்த யாரோவுக்கு முழங்கால் நோகிறதா என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.

பூசினன். பொய் சொல்லக் கூடாது,
சூடு நல்லாய் இருந்தது. மணமும்.
ஏழாம் நாள் வலி இறங்கியது.
மச்சாளுக்கு ஃபோன் எடுத்துப் புளுகினதும் நான்தான்.
பதினாலாம் நாள் ஸ்கார்பரோவில் பனி கொட்டியது,
வலி பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தது.

பிறகுதான் பழைய கலண்டரைப் புரட்டினன்.
லீவு போட்ட நாளெல்லாம் சிவப்பு வட்டம்.
எண்ணெய்க்கு முந்தின மாசியிலும்
அது இப்படித்தான் வந்திருக்கிறது,
போயிருக்கிறது,
யாரையும் கேளாமல்.
போகிற நாளில் என் கையில் எது இருந்ததோ
அதற்குப் பேர்.
காகம் இருந்தது, பனம்பழம் விழுந்தது.
காகத்தைப் போத்தலில் அடைத்து
எனக்கு விற்றிருக்கிறார்கள்.

பங்குனியில் எலும்பு டொக்டரின் வரிசை.
எனக்கு முன்னால் பொல்லோடு ஒரு பெண்.
தெரிந்த முகம். கோயிலா? கலியாண வீடா?
பேர் கூப்பிட்டு, மங்களேஸ்வரி என்று,
அவ கதிரையில் கையூன்றி எழும்பினபோது பிடிபட்டது.

"நீங்கள் ஏஜாக்ஸ்தானே?"

பொல்லைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.
"நூறு டொலர் தந்தவங்கள், தங்கச்சி.
ஏற ஏலாது எண்டு சொன்னன்.
இறங்கச் சொன்னாங்கள்.
நான் எப்பவும் கம்பியைப் பிடிச்சுப்
பின்பக்கமாய்த்தான் இறங்கிறது."

கதவு மூடுகிற நேரம் திரும்பி,
"அந்த எண்ணெய் எப்படி, நல்லதோ?"
என்று அவ என்னைக் கேட்டா.

இரவு பஸ்ஸில் இன்னொரு தரம் பார்த்தன்,
வீணையை அணைத்துவிட்டு.
அவ ஏறிக்கொண்டே இருந்தா.
மேலே, சன்னலுக்கு வெளியே
பனி
நிலத்திலிருந்து வானத்துக்குப்
பெய்துகொண்டிருந்தது.