இருபத்தெட்டு லட்சம் எழுத்து

வால்திவியாவில் மழை நின்ற நாளைக் கேட்டால்
ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள்.
ஆற்றங்கரை மீன்சந்தை. தகரக்கூரை.
ஒர்த்தென்சியா பார்ரியா குடலை உருவித்
திரும்பிப் பாராமல் பின்னால் எறிகிறாள்.
பின்னால், படிக்கட்டில்,
முந்நூறு கிலோ எடை வாயைத் திறந்திருக்கிறது.
நாம் கடற்சிங்கம் என்போம்,
அங்கே கடல் ஓநாய்.
எந்தப் பெயருக்கும் அது திரும்புவதில்லை,
குடல் விழும் சத்தத்துக்கு மட்டும்.

ஆகஸ்டில் கத்தி அவள் பெருவிரலைக் கீறியது.
துணி சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.
மூன்றாம் நாள் முழங்கை வரை சிவப்பு.
அதே வாரம் ஓநாயின் கழுத்தில்
நைலான் வலை அறுத்த இடத்தில் சீழ்.

"அது கொடுத்ததுதான்" என்றது சந்தை.
"அவள் எறிந்ததோடு போனதுதான்" என்றார்
வலையை வெட்டியெடுத்த கால்நடை மருத்துவர்.

பாலத்துக்கு அப்பால் ஆய்வகத்தில்
மில்லாராய் வெஞ்சுலாஃப்
(மாப்புச்சே மொழியில் பொன்மலர்)
இரண்டு தட்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்தாள்.
இரண்டிலும் பொன் பொட்டுகள்.
கண்ணாடி வழியே திராட்சைக்கொத்து, அங்கேயும் இங்கேயும்.
கண்ணை நம்பாதிருக்கத்தான்
அவளுக்குச் சம்பளம்.

நான்கே எழுத்து,
இருபத்தெட்டு லட்சம் முறை,
மூச்சுவிட இடமில்லாத ஒரே வாக்கியம்.
விரலின் வாக்கியத்தைக் கழுத்தின் வாக்கியத்தோடு
இரவெல்லாம் ஒத்துப் பார்த்தது கணினி.
நூற்று நாற்பது இடங்களில் பிழை.
பிழை என்று சொல்வது நாம்;
அவை பிழைத்த விதம் அது.
பிரிந்து பத்து வருஷமாவது இருக்கும்.
அப்போது அந்த ஓநாய் பிறந்திருக்குமோ என்னவோ.

அப்படியென்றால் யாரும் யாருக்கும் தரவில்லை
என்று எழுத உட்கார்ந்தவள்
மூன்றாவது கோட்டைப் பார்த்தாள்.

கலப்படம் இல்லையெனக் காட்டுவதற்காக
அவளே அவள் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு
எடுத்துவைத்த மாதிரி.
விரலிலிருந்து எழுபது எழுத்து தூரம்.
கழுத்திலிருந்து எழுபத்தி நான்கு.
கிளை பிரியும் கவட்டில்
கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

சளி கூட இல்லை அவளுக்கு.

பாடநூல் இதைச் சந்தர்ப்பவாதி என்கிறது,
கட்சி மாறுகிறவனைத் திட்டும் சொல்லால்.
இது எங்கே மாறியது?
மூக்கின் ஈர இருட்டில்
வாடகை கொடுக்காமல், வம்புக்கும் போகாமல்
இருந்த இடத்தில் இருந்தது.
கத்தி வந்தது.
நைலான் வந்தது, அதுவும் நம் கடையில் வாங்கியது.

அறிக்கையில் 'மூலம்' என்ற கட்டத்தில்
'ஊர்' என்று அடித்தாள்.
அழித்தாள். காலியாக அனுப்பினாள்.

சனிக்கிழமை சந்தைக்குப் போனாள்.
தையல் போட்ட விரலை நீட்டியபடியே
ஒர்த்தென்சியா ஒரு கிலோ மெர்லூசா நிறுத்தாள்.
தெரியுமா, என்று ஆரம்பிக்க நினைத்து
மில்லாராய் தும்மினாள்.

"ஸலூத்" என்றாள் மீன்காரி,
குடலைப் பின்னால் எறிந்துகொண்டே.