தொடை இரத்தம்

தார்த்துவில் இரண்டு வாரமாகப் பனி.
பிணவறைக்கு மேல்மாடியில்
மாரிக்கா உய்போபூ
நேர்வு 214-ஐ மறுபடி திறக்கிறாள்.

ஹெய்னோ ராட்செப், எழுபத்தொன்று.
பிர்ச் மரங்கள் மகரந்தம் உதிர்க்கும் மே மாதம்;
தும்மலுக்கு ஒரு மாத்திரை,
அதுவே தூக்கத்துக்கும்.
சமையலறை மேசையில் கவிழ்ந்து கிடந்தார்.
எதிரே பாதி உரித்த உருளைக்கிழங்கு.

இருதயத்திலிருந்து எடுத்தார்கள் இரத்தம்.
எண் வந்தது.
அட்டவணையில் 'உயிர்போக்கும் அளவு' என்ற
கட்டத்துக்குள் விழுந்தது.
அறிக்கையில் ஒரே சொல்: நஞ்சேற்றம்.

வீட்டில் இருந்தது இருவர்.
காபி கலந்தது ஹெல்யூ, இரண்டாம் மனைவி.
நிரூபிக்க முடியாமல் போலீஸ் விட்டுவிட்டது.
ஊர் விடவில்லை.
தேவாலயத்துக்கு அவள் கொண்டுபோன கேக்
வெட்டப்படாமலே வீடு திரும்பும்.

மாரிக்காவின் ஆய்வு முயல்களோடு தொடங்கியது.
எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மருந்து.
கொன்றுவிட்டுக் காத்திருக்க வேண்டும்:
ஒரு மணி நேரம், ஆறு, இருபத்துநான்கு.
பன்னிரண்டாவதற்கு ஒரு காது மடிந்திருந்தது.
எதற்கென்று தெரியாமல்
அதையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தாள்.

மூச்சு நின்றாலும் மருந்து நிற்பதில்லை.
நுரையீரலில், ஈரலில் ஒண்டியிருந்தது
சுவர்கள் தளர்ந்ததும் எழுந்து
காவலில்லாத வீட்டில்
அறை அறையாக நடந்து
இருதயத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.
விழுங்காத மாத்திரைகளுக்கும்
இருதயம் கணக்குக் காட்டுகிறது.

நான் எழுதும் மொழியில்
நஞ்சுக்கும் நெஞ்சுக்கும்
ஒற்றைக்கொம்புதான் தூரம்.
நெஞ்சறிந்து பொய் சொல்லாதே என்போம்.
இது நெஞ்சறியாமல் சொன்ன பொய்.

தொடை தள்ளிக் கிடக்கிறது,
செய்தி தாமதமாகப் போய்ச் சேரும் ஊர் மாதிரி.
சாராயச் சோதனைக்கென்று
அங்கிருந்து எடுத்த சின்னக் குப்பி
உறைபெட்டியின் அடித்தட்டில்
பதினொரு வருஷமாக யாரும் தொடாமல்.

ஒரு மாத்திரை. மிஞ்சிப்போனால் இரண்டு.

உறைந்த இரத்தம் அத்தனை வருஷம் தாங்குமா
என்று கேட்டார் மதிப்பீட்டாளர்.
நல்ல கேள்வி.
நான்கு மாதமும் ஓர் அட்டவணையும் ஆயிற்று
தாங்கும் என்று சொல்ல.

பிறகு வோருவுக்குத் தொலைபேசினாள்.
மறுமுனையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது.
சொன்னாள், எளிய சொற்களில், இரண்டு தடவை.
வானொலியை அணைக்கும் சத்தம்.

"அப்படியானால் எதனால் செத்தார்?"

"தெரியாது," என்றாள் மாரிக்கா.
"இதனால் இல்லை. அவ்வளவுதான் தெரியும்."

வெகுநேரம் கழித்து ஹெல்யூ சொன்னாள்:
"சர்க்கரை டப்பாவும் மாத்திரை டப்பாவும்
ஒரே அலமாரியில் இருந்தன.
அன்றைக்கு எதைத் திறந்தேன் என்று
இப்போது எனக்கே நிச்சயமில்லை."

மாரிக்கா வாயைத் திறந்தாள்.
அதற்கு அவளிடம் அட்டவணை இல்லை.
ஜன்னலுக்கு வெளியே பனிவாரும் வண்டி
ஒரு தெருவைச் சுத்தம் செய்துவிட்டு
இன்னொரு தெருவின் வாயில் குவித்துக்கொண்டிருந்தது.

பிறகு மேசைக்கு வந்து
நஞ்சேற்றம் என்ற தலைப்பின் கீழே
முப்பத்தெட்டை அடித்து
முப்பத்தேழு என்று எழுதினாள்.