விரல் வைக்கவும்

ஆற்றூர் ரேஷன் கடையில்
பதினோரு வருடமாகச் சீனி நிறுக்கிறேன்.
நகக்கண்ணில் சீனி, சேலை மடிப்பில் சீனி,
மாலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களை
எறும்பு கடிக்கும்.

வைகாசியில் மார்த்தாண்டத்து லேப்காரன்
தாளை மடித்துக் கையில் தந்தான்.
வெறும் வயிற்றில் நூற்றி எண்பத்தாறு.
"வெள்ளைச் சீனியை விட்டுருங்க" என்றார் டாக்டர்.
வாசல்வரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டு
"மரச்சீனியையும்" என்றார்.
கிழங்குக்கே அப்படிப் பேர் வைத்த ஊரில்
நான் எதைத் தின்ன?

கருப்பட்டி வாங்கினேன்.
உடைத்தால் உள்ளே ஒரு மினுமினுப்பு.
தினம் பார்க்கிற முகம், எனக்கா தெரியாது?
வேறு கடையில் வாங்கினேன். அது சுத்தம்.
புகை வாசம், நாக்கில் லேசாய் உப்பு.
மூன்று நாள் கட்டன்சாயா ராஜபோகம்.
நாலாம் நாள் விரலைக் குத்திப் பார்த்தேன்.
மீட்டர் குலம் கோத்திரம் எதுவும் விசாரிக்கவில்லை.

பிறகு
புட்டுக்கு ஒரே ஒரு மட்டிப்பழம்,
அதிலும் பாதி மகன் றெஜினுக்கு.
சக்கைச் சுளை இரண்டு, எண்ணி.
சாயாவில் ஒன்றுமே இல்லை.
முதல் வாரம் வாய் துக்க வீடு.

நாற்பதாவது நாளோ என்னவோ,
துருவிய தேங்காயில் ஒரு சிட்டிகை அள்ளி
வெறுமனே மென்றவள்
அப்படியே நின்றுவிட்டேன்.
இது இனித்துக்கொண்டா இருந்தது
இத்தனை காலமும்,
என்னிடம் சொல்லாமல்?

வீட்டுக் கார்டுக்கு மாசம் ரெண்டு கிலோ
வந்துகொண்டேதான் இருந்தது.
ஆடி மழையில் தலையில் சாக்கோடு வந்தார் றசல்ராஜ்.
"அக்கா, உங்களுக்க சீனியத் தருவியளா?
பூ ஒண்ணும் இல்ல.
பெட்டியில தேனீயெல்லாம் பட்டினி."
தண்ணீரில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி வைப்பாராம்.
எனக்கு விலக்கியதை
அவை இறக்கை ஒடுக்கிக் குடித்தனவாம்.

மாசியில் ரப்பர் தளிர்த்தது.
எங்கள் பக்கத்துத் தேன் பூவில் பாதி,
இலைக்காம்பில் பாதி.
ஒரு குப்பி கொண்டுவந்தார்.
"இது உங்க சீனி இல்ல, கேட்டியளா?
அத அதுவ மழையிலயே தின்னு தீத்தாச்சு."
நம்பினேன். முக்கால்வாசி நம்பினேன்.
மீட்டரை இதுவும் ஏமாற்றாது என்று தெரியும்.
மூட்டைகளுக்குப் பின்னால் திரும்பி நின்று
காலையில் குத்திய அதே விரலை
குப்பிக்குள் ஒரே ஒரு முறை.

அடுத்து என் கார்டு.
விரல் வைக்கவும், என்றது இயந்திரம்.
வைத்தேன்.
பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்.
வரிசையில் நின்ற புஷ்பபாய் சிரித்தாள்:
"தினம் தொடுத உனக்க விரலயே
தெரியலியாட்டீ அதுக்கு?"

சேலையில் துடைத்தேன். ஒட்டியது.
நக்கினேன்.

சீனி, ரெண்டு கிலோ
என்று சீட்டு வந்தது.